தெரிந்த சொல்தான் ஏமாற்றும்

சீனக் கிராமம் ஒன்றைப் பற்றிய ஆய்வுக் கட்டுரையின் நடுவில் ஓர் அட்டவணை. பேட்டி கொடுத்தவர்களின் வயது, பாலினம், தொழில். அப்புறம் இன்னும் இரண்டு நெடுவரிசைகள். ஒன்றின் தலைப்பு 'வென்ஹுவா செங்து'; சொல்லுக்குச் சொல் பார்த்தால் 'பண்பாட்டு அளவு'. இன்னொன்று 'ஜெங்ஜி மியென்மாவோ', அதாவது 'அரசியல் முகத்தோற்றம்'. அந்த நெடுவரிசையில் சிலருக்குக் கட்சி உறுப்பினர் என்றும் பெரும்பாலானவர்களுக்கு 'ச்சுன்ஜோங்' என்றும் போட்டிருக்கும். ச்சுன்ஜோங் என்றால் அகராதியில் வெகுஜனம். ஆங்கிலத்தில் 'மாஸஸ்'.

அகராதியை நம்பி மொழிபெயர்த்தால் கிடைப்பது இதுதான்: 42 வயதுப் பெண், பண்பாட்டு அளவு தொடக்கப்பள்ளி, அரசியல் முகத்தோற்றம் வெகுஜனம். ஒரே ஒரு பெண்மணி எப்படி வெகுஜனம் ஆவார்? சீனாவில் வேலைக்கும் பல்கலைக்கழகத்துக்கும் நிரப்பும் படிவங்களில் இப்படி ஒரு கட்டம் இருக்கும். எந்தக் கட்சியிலும் இல்லை, இளைஞர் கழகத்திலும் இல்லை என்றால் அதில் 'வெகுஜனம்' என்று எழுத வேண்டியதுதான். ஆக, அந்தக் கட்டத்துக்குச் சரியான ஆங்கிலம் 'கட்சி சாராதவர்' என்பது. 'பண்பாட்டு அளவு' வெறும் கல்வித் தகுதி.

சீனச் சமூக அறிவியலை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோகும் வேலை செய்கிறேன் என்று சொன்னால், கேட்பவர்கள் உடனே 'குவான்ஷி'யைப் பற்றித்தான் விசாரிப்பார்கள். உறவு, தொடர்பு, செல்வாக்கு எல்லாம் கலந்த அந்தச் சொல்லை எப்படி மொழிபெயர்க்கிறீர்கள் என்று. குடும்பப் பதிவேட்டு முறையான 'ஹுகொவ்', பணியிடமே வீடும் ரேஷனும் மருத்துவமும் தந்த காலத்தின் 'தான்வெய்', இவையும் அந்த வரிசையில் வரும். என்னைக் கேட்டால் இவை சுலபமான சொற்கள். ஆங்கிலத்தில் இவற்றுக்கு இணை இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும். அதனால் சீன ஒலியை ரோமன் எழுத்தில் எழுதும் பின்யின் ஒலிபெயர்ப்பில் அப்படியே வைத்து, முதல் தடவை வரும்போது ஒரு வரி விளக்கம் கொடுத்தால் போதும். வாசகரும் தெரியாத சொல்லைப் பார்த்ததும் நிதானித்துப் படிப்பார். 'கம்யூனிட்டி', 'பெசண்ட்', 'ஃப்யூடல்', 'லிபரலிசம்' மாதிரி தெரிந்த முகத்தோடு வரும் சொற்களிடம் யாரும் நிதானிப்பதில்லை. மோசம் போவதெல்லாம் அங்கேதான்.

நான் இந்த வேலைக்கு வந்தது சென்னையில் ஆய்விதழ்களுக்குக் காப்பி எடிட்டிங் செய்யும் ஒரு நிறுவனத்தின் வழியாக. உலகத்தின் ஆய்விதழ்களில் கணிசமான பங்கு இங்கேதான் திருத்தப்பட்டு, பக்கம் கோக்கப்பட்டுப் போகிறது. அதில் சீன ஆய்வாளர்களின் கட்டுரைகள் ஏராளம். ஆங்கிலம் சரியாக இருக்கும், ஆனால் வாக்கியம் எதையும் சொல்லாது. என்ன சொல்ல வந்தார்கள் என்று கண்டுபிடிக்கத்தான் சீனம் படிக்க ஆரம்பித்தேன். அது பெரிய கதை, இங்கே வேண்டாம்.

'கம்யூனிட்டி' விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் மற்ற எல்லாச் சிக்கலும் இந்த ஒரு சொல்லுக்குள் இருக்கிறது.

1932-இல் சிகாகோ பல்கலைக்கழகத்துச் சமூகவியலாளர் ராபர்ட் பார்க் பெய்ஜிங்கின் யென்ச்சிங் பல்கலைக்கழகத்துக்கு வந்து பாடம் நடத்தினார். கேட்டுக்கொண்டிருந்த மாணவர்களில் ஒருவர் ஃபெய் ஷியாவோதோங். பிற்காலத்தில் சீனச் சமூகவியலின் முதல் பெயராக ஆனவர். 1910-இல் பிறந்து 2005 வரை வாழ்ந்தவர். பார்க் ஊர் திரும்பியபின் மாணவர்கள் அவருடைய கருத்துகளைச் சீனத்தில் தொகுக்க உட்கார்ந்தார்கள். அதில் 'கம்யூனிட்டி என்பது சொசைட்டி அல்ல' என்ற பொருளில் ஒரு வாக்கியம். அதுவரை இரண்டு ஆங்கிலச் சொற்களுக்கும் சீனத்தில் 'ஷஹுய்' என்ற ஒரே சொல்தான் புழக்கத்தில் இருந்தது. அப்படியே மொழிபெயர்த்தால் 'சமூகம் என்பது சமூகம் அல்ல' என்று வந்து நின்றது. அதைத் தீர்க்க, குழுவைக் குறிக்கும் எழுத்தோடு வட்டாரத்தைக் குறிக்கும் எழுத்தைச் சேர்த்து 'ஷச்சூ' என்று புதிதாக ஒரு சொல்லைச் செய்ததாக ஃபெய் பின்னாளில் நினைவுகூர்ந்தார்.

இதோடு கதை முடிந்திருந்தால் மொழிபெயர்ப்பாளருக்கு வேலையே இல்லை. ஷச்சூ ஆங்கிலத்திலிருந்து போன சொல், திரும்பி வரும்போது மறுபடி கம்யூனிட்டி ஆகிவிடும். ஆனால் போன சொல் போன இடத்தில் எழுபது வருஷம் குடித்தனம் நடத்தியிருக்கிறதே. 1952-இல் சோவியத் பாணியில் பல்கலைக்கழகங்களை மாற்றியமைத்தபோது சமூகவியல் ஒரு முதலாளித்துவப் படிப்பு என்று துறையையே மூடினார்கள். 1979-இல்தான் அது மீண்டும் உயிர்பெற்றது. 1957-இல் வலதுசாரி என்று முத்திரை குத்தப்பட்ட அதே ஃபெய்தான் அதைத் தூக்கி நிறுத்தினார். அதற்குப் பின் வந்த வருஷங்களில் தான்வெய் முறை ஆட்டம் காண ஆரம்பித்தது. அரசு ஆலைகளிலிருந்து ஆட்கள் வெளியேறினார்கள், வீடுகள் விற்கப்பட்டன, வெளியூர்க்காரர்கள் வந்து குடியேறினார்கள். நகரத்தில் வசிப்பவர்களை எந்த அமைப்பின் வழியாக நிர்வகிப்பது என்ற கேள்வி எழுந்தது. 2000-ஆம் ஆண்டு நவம்பரில் குடிமை விவகார அமைச்சகத்தின் ஆவணம் ஒன்று நாடு முழுக்க அனுப்பப்பட்டது. ஷச்சூ என்பது ஒரு நிலப்பரப்பில் சேர்ந்து வாழும் மக்களின் சமூக வாழ்க்கைக் கூட்டமைப்பு என்று முதல் வாக்கியத்தில் புத்தகத்துப் பாணியில் சொல்லிவிட்டு, அடுத்த வாக்கியத்திலேயே தற்போது நகர ஷச்சூவின் எல்லை என்பது, பொதுவாக, மறுசீரமைக்கப்பட்ட குடியிருப்போர் குழுவின் அதிகார எல்லை என்று அந்த ஆவணம் வரையறுத்தது.

அதாவது பார்க்கின் கருத்தாக்கம் வார்டு எல்லை ஆகிவிட்டது. அதற்கு அலுவலகம் உண்டு, கட்சிக் கிளை உண்டு, சம்பளம் வாங்கும் ஊழியர்கள் உண்டு. 2020-இல் வூஹான் பூட்டப்பட்டபோது வீடு வீடாக உடல்வெப்பம் கேட்டதும், வாசலை அடைத்ததும், காய்கறி கொண்டுவந்து கொடுத்ததும் இந்த ஷச்சூ ஊழியர்கள். ஆங்கிலச் செய்திகள் அவர்களைக் 'கம்யூனிட்டி வொர்க்கர்ஸ்' என்று எழுதின. லண்டனில் அதைப் படிப்பவர் மனதில் அக்கம்பக்கத்துத் தன்னார்வலர் ஒருவர் தோன்றுவார். அரசின் கடைசிப் படியில் நிற்கும் ஊழியர் தோன்றமாட்டார்.

இன்னும் ஒரு சுற்று இருக்கிறது. கம்யூனிட்டி என்பதைச் சமூகவியலாளர் டோனிஸின் பழைய ஜெர்மன் பொருளில், பாசத்தாலும் பிணைப்பாலும் கட்டப்பட்ட கூட்டு என்று சொல்ல சீனத்தில் இப்போது 'கோங்தோங்தி' என்ற வேறு சொல் இருக்கிறது. மனிதகுலத்தின் பொதுவான எதிர்காலம் பற்றிய பெய்ஜிங்கின் அரசியல் முழக்கத்தில் வருவதும் அதுதான். சீனச் சமூகவியலாளர்கள் இருபது வருஷமாக விவாதிக்கும் கேள்வி ஒன்று: ஷச்சூ ஒரு கோங்தோங்தியா? அதாவது நிர்வாக எல்லைக்குள் குடியிருப்பவர்களிடம் உண்மையான கூட்டுணர்வு இருக்கிறதா? நல்ல கேள்வி. ஆங்கிலத்தில் போட்டால் 'இஸ் தி கம்யூனிட்டி எ கம்யூனிட்டி' என்று வரும். 1930-களில் யென்ச்சிங் மாணவர்கள் மாட்டிக்கொண்ட அதே முட்டுச்சந்து, இந்தத் தடவை எதிர்த் திசையிலிருந்து.

நான் செய்வது இது. கட்டுரை முழுக்க ஷச்சூ நிர்வாக அலகாக மட்டும் வந்தால், குடியிருப்பு நிர்வாகப் பகுதி என்ற பொருளில் ஓர் ஆங்கிலத் தொடரை வைத்துக்கொண்டு கம்யூனிட்டியைத் தொடுவதே இல்லை. ஆசிரியர் இரண்டு பொருளிலும் வேண்டுமென்றே விளையாடினால் ஷச்சூவை அப்படியே விட்டு, கோங்தோங்திக்கு மட்டும் கம்யூனிட்டியைக் கொடுப்பேன். சில இதழாசிரியர்களுக்கு இது பிடிக்காது. பழகிய ஆங்கிலச் சொல் இருக்கும்போது எதற்கு வேற்றுமொழிச் சொல் என்பார்கள். பழகியிருக்கிறது என்பதுதானே பிரச்சினை.

ஷச்சூ மட்டும் விதிவிலக்கு என்று நினைக்க வேண்டாம். நவீன சீனத்தின் சமூக அறிவியல் சொல்வளத்தில் பெரும்பகுதி இப்படிப் பயணம் போய் வந்தது. ஹக்ஸ்லியையும் ஸ்பென்சரையும் சீனத்துக்குக் கொண்டுவந்த யென் ஃபூ, ஒரு பெயரை நிறுவ நாள்கணக்கில், மாதக்கணக்கில் தயங்கி நின்றதாக 1898-இல் வெளியான தன் மொழிபெயர்ப்பின் முன்னுரையில் எழுதினார். சோஷியாலஜிக்கு அவர் வைத்த பெயர் 'ச்சுன்ஷுவே', குழு பற்றிய கல்வி. மனிதரால் குழுவாகச் சேர முடியும் என்ற பண்டைய சீனத் தத்துவஞானி ஷுன்ஜியின் சிந்தனையை ஒட்டிய பெயர். அழகான சொல்தான். ஆனால் நிலைக்கவில்லை. ஜப்பானியர்கள் மெய்ஜி காலத்தில் சீன எழுத்துகளைக் கொண்டே செய்துவைத்த சொற்கள் கப்பலேறி வந்து இடத்தைப் பிடித்துக்கொண்டன. சமூகம், பொருளாதாரம், கட்சி ஊழியரைக் குறிக்கும் 'கான்பு' எல்லாம் அப்படி வந்தவை. அதனால் சீனக் கட்டுரையில் 'ஃபெங்ஜியென்' என்று பார்த்ததும் ஃப்யூடல் என்று போட்டுவிட முடியாது. பழைய நூலில் அது ஜோ வம்சத்தின் நிலமானிய முறை. மார்க்சிய வரலாற்றில் ஒரு கட்டம். பேச்சில், பெண்ணைப் படிக்க அனுப்பாத மாமனாரைத் திட்டும் சொல். கிராமத்துப் பேட்டி ஒன்றில் ஒரு பெண் 'என் மாமியார் ரொம்ப ஃபெங்ஜியென்' என்று சொன்னால் அவர் நிலப்பிரபுத்துவத்தைப் பற்றிப் பேசவில்லை. பழங்கால ஆசாமி என்கிறார்.

லிபரலிசமும் அப்படித்தான். 1937 செப்டம்பரில் மாவோ அதை எதிர்த்து எழுதிய சிறு கட்டுரை பிரபலம். அங்கே அந்தச் சொல்லுக்குத் தனிமனித சுதந்திரம் பேசிய தத்துவஞானிகளான லாக்கோடும் மில்லோடும் சம்பந்தமே இல்லை. நண்பன் தப்பு செய்தால் கண்டுகொள்ளாமல் விடுவது, கூட்டத்தில் வாயை மூடிக்கொண்டிருந்துவிட்டு வெளியே வந்து புறம்பேசுவது, இப்படிப்பட்ட கட்டுப்பாடில்லாத நடத்தைக்குத்தான் அந்தப் பெயர். இன்றைக்கும் கட்சி ஆவணங்களில் அந்தப் பொருள் உண்டு. அரசியல் கோட்பாடு பற்றிய கல்விக் கட்டுரைகளில் வழக்கமான பொருளும் உண்டு. இரண்டும் ஒரே பக்கத்தில் வந்தால் அடிக்குறிப்பு எழுதாமல் தப்பிக்க வழியில்லை.

சொல் திரும்பி வரும் பயணத்தை நம் கண்முன்னாலேயே பார்க்க வேண்டுமென்றால் 'நெய்ஜுவான்' இருக்கிறது. மானிடவியலாளர் கிளிஃபர்ட் கீர்ட்ஸ் 1963-இல் ஜாவாவின் நெல் விவசாயத்தைப் பற்றி எழுதியபோது பயன்படுத்திய 'இன்வல்யூஷன்' என்ற சொல்லை, ஃபிலிப் ஹுவாங் 1985-இல் வட சீனக் குடியானவப் பொருளாதாரத்துக்கு எடுத்துக்கொண்டார். அதே நிலத்தில் மேலும் மேலும் உழைப்பைக் கொட்டுவது, ஒவ்வொரு கூடுதல் உழைப்புக்கும் பலன் குறைந்துகொண்டே போவது. பிரசென்ஜித் துவாரா 1988-இல் அதை அரசின் மீது பொருத்திப் பார்த்தார்: வரி வசூல் கூடக் கூட இடைத்தரகர்களும் பெருகினார்கள் என்றார். இவையெல்லாம் சீனத்துக்குப் போய் நெய்ஜுவான்ஹுவா என்ற துறைச்சொல்லாக நூலகத்தில் உட்கார்ந்திருந்தது. 2020-இல் திடீரென்று இளைஞர்கள் அதைக் கைப்பற்றினார்கள். சைக்கிள் ஓட்டிக்கொண்டே மடிக்கணினியில் வேலை பார்க்கும் ச்சிங்ஹுவா பல்கலைக்கழக மாணவனின் படம் பரவியது. பலனில்லாத போட்டி, விலகவும் முடியாத ஓட்டம், எல்லாமே நெய்ஜுவான் ஆயிற்று. 2024 ஜூலையில் பொலிட்பீரோ கூட்டமே 'நெய்ஜுவான் பாணிப் போட்டி'யைத் தடுக்கச் சொன்னது. அதில் மனதில் இருந்தது விலையைப் போட்டி போட்டுக் குறைக்கும் தொழில் நிறுவனங்கள். இப்போது ஆங்கிலப் பொருளாதாரப் பத்திரிகைகளில் 'ஆன்டி-இன்வல்யூஷன்' என்று சர்வசாதாரணமாக வருகிறது. கீர்ட்ஸின் ஜாவா விவசாயி அதில் எங்கும் இல்லை.

ஆக ஒரே நெய்ஜுவானுக்கு நான் இரண்டு விதமாக நடந்துகொள்கிறேன். குடியானவப் பொருளாதாரம் பற்றிய கட்டுரை என்றால் இன்வல்யூஷன்தான். அங்கே அது ஒரு வாதத்தின் பெயர். இளைஞர்களின் மனச்சோர்வு பற்றிய கட்டுரை என்றால் ஒலிபெயர்ப்பும் விளக்கமும். 'ராட் ரேஸ்' என்று போட்டு முடித்துவிடலாமே என்று தோன்றும். போட்டால் சொல்லுக்குப் பின்னால் உள்ள சுருண்டுகொள்ளும் உணர்வு போய்விடும். அந்தக் கட்டுரைகள் அதைப் பற்றித்தான் பேசுகின்றன.

உழவரைக் குறிக்கும் 'நோங்மின்' இன்னும் தர்மசங்கடமானது. பெசண்டா, ஃபார்மரா? 1911-இல் அமெரிக்க மண்ணியல் அறிஞர் கிங் கீழை நாடுகளைப் பற்றி எழுதிய நூலின் தலைப்பில் அவர்கள் ஃபார்மர்கள். 1939-இல் ஃபெய் தன் ஆய்வேட்டை லண்டனில் ஆங்கிலத்தில் வெளியிட்டபோது அதன் தலைப்பில் அவர்கள் பெசண்டுகள். இடையில் நிலம் மாறவில்லை, பார்வை மாறிவிட்டது. நோங்மின் என்ற சொல்லே இப்படி ஒரு பார்வை மாற்றத்தோடு வந்தது, பின்தங்கியவர் என்ற தொனி அதில் ஒட்டிக்கொண்டது என்று மானிடவியலாளர் மைரன் கோஹன் 1993-இல் ஒரு கட்டுரையே எழுதினார். இதற்கு மேல் ஹுகொவ் வேறு. 1958 சட்டத்துக்குப் பிறகு நோங்மின் என்பது செய்யும் தொழிலைவிடப் பதிவேட்டில் உள்ள தகுதியைக் குறிப்பது. ஷென்ஜென் நகரத்து ஆலையில் பத்து வருஷமாகக் கைப்பேசிப் பாகங்களைப் பொருத்தும் பெண்ணும் பதிவேட்டில் நோங்மின்தான். அப்படிக் கிராமப் பதிவோடு விவசாயம் அல்லாத வேலை பார்ப்பவர்கள் கிட்டத்தட்ட 30 கோடிப் பேர். அட்டவணையில் 'பெசண்ட் 61 சதவீதம்' என்று போட்டால் படிப்பவர் ஏரைப் பிடித்த கையை நினைப்பார். நான் அட்டவணைகளில் 'கிராமப் பதிவு உள்ளவர்' என்று எழுதிவிடுவேன். உரைநடையில் காலத்தைப் பார்த்து முடிவு செய்வேன்: நிலச்சீர்திருத்தம், வர்க்கப் போராட்டம் பற்றிய பகுதியில் பெசண்ட், 1980-களுக்குப் பின் சந்தைக்குக் காய்கறி விற்பவரைப் பற்றிய பகுதியில் ஃபார்மர். ஒரு புத்தகம் முழுக்க ஒரே சொல்தான் வர வேண்டும் என்ற சீர்மை விதியை இங்கே மீறுவதில் எனக்குக் குற்றவுணர்வு இல்லை.

ஆசிரியர் தானே செய்த சொல் என்றால் நிலைமை வேறு. ஃபெய் 1948-இல் வெளியிட்ட சிறு நூலில் 'சாஷூ கஜூ' என்று ஒரு தொடர் வருகிறது. மேற்கத்தியச் சமூகம் வைக்கோலைக் கைப்பிடியாக, கட்டாக, சுமையாகக் கட்டுவது மாதிரி. யார் எந்தக் கட்டில் என்பது தெளிவு. சீனச் சமூகமோ தண்ணீரில் கல் எறிந்தால் விரியும் வளையங்கள் மாதிரி. ஒவ்வொருவரும் ஒரு மையம், தூரம் போகப் போக உறவு மெலியும். இந்த இரண்டாவதுக்கு அவர் வைத்த பெயர்தான் சாஷூ கஜூ. கறாரான வரையறை எதுவும் கொடுக்கவில்லை. 1992-இல் கேரி ஹாமில்டனும் வாங் ஜெங்கும் இந்நூலை ஆங்கிலத்தில் கொண்டுவந்தபோது 'டிஃபரென்ஷியல் மோட் ஆஃப் அசோசியேஷன்' என்று போட்டார்கள். ஆய்வுலகில் அது நிலைத்துவிட்டது. எனக்கு அந்தத் தொடர் கொஞ்சம் வறட்சி. ஃபெய்யின் நடை ஆற்றங்கரையில் உட்கார்ந்து பேசுவது போல இருக்கும். அதைவிட, 'ஷூ' என்ற எழுத்தில் உள்ள வரிசைமுறை, மேல்கீழ், ஆங்கிலத்தில் காணாமல் போய்விட்டது. யென் யுன்ஷியாங் 2006-இல் வாதிட்டதும் இதையொட்டியதே: இந்தக் கருத்தாக்கத்தில் தூரம் மட்டுமல்ல, ஏற்றத்தாழ்வும் இருக்கிறது, அதைப் பலர் விட்டுவிடுகிறார்கள் என்றார். ஆனாலும் நான் ஹாமில்டன், வாங் இருவரின் தொடரையே பயன்படுத்துகிறேன். மேற்கோள் காட்டும் ஆயிரம் பேர் அதைக் கொண்டுதான் தேடுவார்கள். என் அதிருப்தியை அடிக்குறிப்பில் வைத்துக்கொள்கிறேன்.

கட்சி, அரசு மொழியில் எனக்குச் சுதந்திரமே கிடையாது, வேண்டவும் வேண்டாம். சீன அரசியலில் 'தீஃபா' என்று ஒன்று உண்டு: ஒரு விஷயத்தை இந்தச் சொற்களில்தான் சொல்ல வேண்டும் என்று மேலிடம் முடிவுசெய்த வாசகம். ஓர் எழுத்து மாறினாலும் கொள்கை மாறியதற்கு அடையாளம். ஆங்கில வடிவத்துக்கும் அதே கவனம் உண்டு. 'ஒரே மண்டலம், ஒரே சாலை' என்று முதலில் வந்த ஆங்கிலப் பெயரை 2015-இல் மாற்றி, கடைசியில் 'முன்முயற்சி' என்ற சொல்லையும் ஒட்டினார்கள். சீனப் பெயர் மாறவே இல்லை. பிரச்சாரத்தைக் குறிக்கும் 'ஷுவான்ச்சுவான்' துறை ஆங்கிலத்தில் 'பப்ளிசிட்டி' துறை ஆனதும் இப்படியே. மேற்கோளுக்குள் அதிகாரபூர்வ ஆங்கிலத்தை அப்படியே எடுத்துப் போடுகிறேன். ஆசிரியரின் சொந்த வாக்கியம் என்றால் சூழலைப் பார்க்கிறேன்: சுகாதாரத் துறை கைகழுவச் சொல்வது ஷுவான்ச்சுவான்தான், அதைப் போய்ப் பிரச்சாரம் என்று எழுதினால் ஆசிரியர் பாவம்.

பெயர்கள் விஷயத்தில் சிரித்துக்கொண்டே வேலை செய்யலாம். மேற்கத்தியச் சீனவியலாளர்கள் பலருக்கு முறையான சீனப் பெயர் உண்டு. 'ஃபெய் ஜெங்ச்சிங்' யாரோ ஃபெய் குடும்பத்துச் சீனர் இல்லை, ஹார்வர்டின் ஜான் கிங் ஃபேர்பேங்க். 'ஷி ஜிங்ச்சியென்' ஜோனதன் ஸ்பென்ஸ். 'பெய் யீலி' எலிசபெத் பெரி. மேலே சொன்ன அசாமில் பிறந்த துவாரா சீனத்தில் 'து ட்ஸான்ச்சி'. அதைத் தெரியாமல் பின்யினில் போட்டால் இந்திய வரலாற்றாசிரியர் ஒருவர் சீனராகிவிடுவார். 'வெய்போ' என்று வந்தால் ஜெர்மன் சமூகவியலாளர் மாக்ஸ் வேபராக இருக்கலாம், 'வெய்போ தம்பதி' என்றால் ஃபேபியன் சோஷலிஸ்டுகளான வெப் தம்பதி. எதிர்ப்பக்கத்து விபத்துகள் சீனாவில் பழமொழி மாதிரி ஆகிவிட்டன: ஆங்கில நூலில் மென்ஷியஸ் என்று இருந்ததை மெங்ஜி என்று தெரியாமல் 'மென்ஷியூஸி' என்று புதிய தத்துவஞானியாக்கியதும், ஷியாங் கை-ஷேக்கை 'சாங் கைஷென்' ஆக்கியதும்.

மேற்கோள்கள் அவ்வளவு சிரிப்பில்லை. சீனக் கட்டுரையில் வேபரின் வரி சீனத்தில் வரும். அது ஜெர்மனிலிருந்து நேராக வந்ததா, பார்சன்ஸின் ஆங்கில மொழிபெயர்ப்பு வழியாக வந்ததா என்று பார்க்க வேண்டும். அதைத் திரும்ப ஆங்கிலத்தில் நானே எழுதக் கூடாது. அச்சிலுள்ள ஆங்கில வரியைத் தேடியாக வேண்டும். தேடிப் பார்த்தால் சில நேரம் ஆசிரியரின் வாதம் சீன மொழிபெயர்ப்பில் மட்டுமே உள்ள ஒரு நிழல்பொருளின் மேல் நிற்கும். அப்போது 'ஆதர் க்வெரி', அதாவது ஆசிரியரிடமே கேட்கும் குறிப்பு, போடுவதைத் தவிர வழியில்லை. இந்த வேலையில் பாதி நாள் இதற்கே போகிறது. கூலியோ சொல் எண்ணிக்கைக்கு.

வாக்கியத்துக்கு வந்தால் தமிழ் தெரிந்தவருக்கு ஒரு வசதி இருக்கிறது. '1990-களில் ஊரை விட்டு வந்து ஷென்ஜென் ஆலைகளில் வேலை பார்த்த பெண்கள் அனுப்பிய பணத்தில் கட்டப்பட்ட வீடுகள்' என்று நாம் மூச்சுவிடாமல் சொல்வோம். சீனமும் இப்படித்தான் அடைமொழி முழுவதையும் முன்னால் அடுக்கிவிட்டுப் பெயரைக் கடைசியில் வைக்கும். ஆங்கிலம் தலைகீழ்: வீட்டைச் சொல்லிவிட்டுப் பின்னால் ஒவ்வொரு பெட்டியாகக் கோக்க வேண்டும், மூன்று பெட்டிக்கு மேல் தாங்காது. அதனால் இரண்டு வாக்கியமாக உடைக்கிறேன். இது இலக்கணச் சலுகை, யாருக்கும் நஷ்டமில்லை.

எழுவாய் இல்லாத வாக்கியம்தான் ஆபத்து. 'கண்காணிப்பைப் பலப்படுத்த வேண்டும்' என்று சீனக் கட்டுரை முடியும். யார்? மத்திய அரசா, மாவட்டக் கட்சிக் குழுவா, கிராமக் குழுவா? சீனத்தில் சொல்லாமல் விடலாம், சில நேரம் சொல்லாமல் விடுவதே விவேகம். ஆங்கிலத்தில் செயப்பாட்டு வினையை வைத்து மழுப்பலாம், பலரும் அதைத்தான் செய்கிறார்கள். நான் முன்பின் பத்திகளைத் துழாவி ஆளைக் கண்டுபிடிக்கப் பார்ப்பேன். கிடைக்கவில்லை என்றால், ஆசிரியர் வேண்டுமென்றே விட்டிருக்கிறார் என்று தெரிந்தால், மழுப்பலை மழுப்பலாகவே விடுவேன். ஒருமை பன்மையும் அப்படி. 'கிராம கான்பு நினைக்கிறார்' என்பதற்கும் 'கிராம கான்புக்கள் நினைக்கிறார்கள்' என்பதற்கும் சீனத்தில் வாக்கியம் ஒன்றே. ஒரு பேட்டியா, நாற்பது பேட்டியா? ஆங்கிலத்தில் ஓர் 'எஸ்' சேர்த்தால் ஆய்வின் முடிவே பெரிதாகிவிடும். தமிழில் எழுதினாலும் நமக்கு இந்தத் தொல்லை ஓரளவு உண்டு.

'நம் நாடு' என்று ஒவ்வொரு பத்தியிலும் வரும். அதை 'சீனா' என்றே மாற்றுகிறேன். அது வழக்கமான எழுத்துநடை, தேசபக்தி முழக்கம் அல்ல. எண்களில் 'வான்' என்றால் 10 ஆயிரம், 'யீ' என்றால் 10 கோடி. லட்சம் கோடியில் வளர்ந்த நமக்கு மில்லியனுக்கு மாற்றும் உடற்பயிற்சி ஏற்கெனவே பழக்கம்தான். 'இரண்டு தடவை புரட்டுவது' என்ற தொடரில் மட்டும் கவனம் வேண்டும். அது இரண்டு மடங்கு இல்லை, நான்கு மடங்கு. 1982-இல் கட்சி மாநாடு நூற்றாண்டு முடிவதற்குள் உற்பத்தியை இப்படி 'இரண்டு தடவை புரட்ட' முடிவுசெய்தது. அதை இரட்டிப்பாக்கினால் இலக்கில் பாதியைத் தொலைத்தவர் ஆவீர்கள்.

இவ்வளவு உடைப்பவன், வாதத்தின் வரிசையை மட்டும் தொடுவதில்லை. முதலில் வரலாறு, அப்புறம் கொள்கைப் பின்னணி, கடைசிக்கு முந்தைய பக்கத்தில்தான் ஆசிரியர் தன் கருத்தைச் சொல்வார். இதழாசிரியர்கள் அதை முதல் பத்திக்குத் தூக்கிவரச் சொல்வார்கள். 2006-இல் அமெரிக்கக் கற்றறிந்தோர் சங்கங்களின் கவுன்சில் சார்பில் மைக்கேல் ஹென்றி ஹைமும் ஆன்ட்ஷே தைமோவ்ஸ்கியும் வெளியிட்ட சமூக அறிவியல் மொழிபெயர்ப்பு வழிகாட்டி இந்த விஷயத்தில் என் கட்சி. சிந்திக்கும் முறையும் வாதிக்கும் முறையும் சரக்கின் ஒரு பகுதி, அதையும் சேர்த்துத்தான் கடத்த வேண்டும் என்கிறது. சமூக அறிவியலாளர்கள் தங்கள் சொந்த மொழியிலேயே எழுத வேண்டும் என்ற வேண்டுகோளும் அதில் இருக்கிறது. எல்லோரும் ஆங்கிலத்திலேயே எழுத ஆரம்பித்தால் எல்லோரும் ஒரே மாதிரி யோசிக்க ஆரம்பிப்பார்கள் என்ற கவலை. ஆங்கிலத் திருத்தத்தில் சோறு தின்றவனாக எனக்கு இது கொஞ்சம் சுடுகிறது, ஆனால் சரியாகச் சொல்கிறார்கள்.

இயந்திரம் இப்போது வாக்கியத்தை என்னைவிட வேகமாக உடைக்கிறது, இலக்கணப்பிழை இல்லாமல். குவான்ஷியைக்கூட விளக்கத்தோடு போடுகிறது. ஷச்சூவைப் பார்த்தால் மட்டும் தயங்காமல் கம்யூனிட்டி என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறது. வாக்கியம் வழுக்கிக்கொண்டு போவதால் பிழை திருத்துபவரின் கண்ணும் நிற்பதில்லை.

2010-லிருந்து சீனாவின் தேசிய சமூக அறிவியல் நிதி, சீனக் கல்வி நூல்களை அந்நிய மொழிகளுக்குக் கொண்டுபோவதற்கென்றே தனித் திட்டம் நடத்துகிறது. பணம் இருக்கிறது, நூல்கள் வருகின்றன, பெரும்பாலும் விலை உயர்ந்த கெட்டி அட்டையில். மொழிபெயர்ப்பாளர் குறிப்புக்கும் சொல்பட்டியலுக்கும் பக்கம் கேட்டால்தான் பதிப்பகங்கள் முகம் சுளிக்கின்றன. எட்டுப் பக்கம் கேட்டால் இரண்டு கிடைக்கும். அந்த இரண்டில் குவான்ஷிக்கும் ஹுகொவ்வுக்கும் இடம் கொடுப்பதில்லை. ஷச்சூ, நோங்மின், ஃபெங்ஜியென், ச்சுன்ஜோங் நான்கையும் எழுதி முடிப்பதற்குள் பக்கம் தீர்ந்துவிடுகிறது.